ஐந்து ரூபாய் நாணயத்தோடு படகு பார்க்கப் போன கதை

எங்கள் பக்கத்தில் படகு என்றால் ஏலகிரி ஏரியில் குடும்பத்தோடு போய் மிதிக்கிற பெடல் படகுதான். நான் ராணிப்பேட்டைக்காரன். இருபத்திரண்டு வருஷமாக சிப்காட்டில் ஃபைபர் வேலை. தோல் ஷெட்டுக்கும் கெமிக்கல் கம்பெனிக்கும் ஆசிட் டேங்க் கட்டுவது, பழைய இரும்பு டேங்குக்கு உள் லைனிங் அடிப்பது, புகை போகிற டக்ட் செய்வது, இதுதான் பிழைப்பு. கடலைப் பார்ப்பதே வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படிப்பட்ட என்னைப் பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்துச் சொல்லக் கூட்டிக்கொண்டு போனது என் தாய்மாமா.

மாமாவுக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கின ஊர். எல்லாரும் ஆர்மிக்குப் போனபோது மாமா மட்டும் கொஞ்சம் விலகி நேவிக்குப் போனார். ரிட்டையராகி காட்பாடியில் வீடு கட்ட ஆரம்பித்த சமயம், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நாங்கள் எல்லாரும் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள, இந்தத் தண்ணி எல்லாம் கடலுக்குப் போய்னு கீது. நான் இன்னான்னா இங்க கொத்தனார்கிட்ட சண்டை போட்டுனு கீறேன்" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்துப் போன் வந்தது. புதுச்சேரி பக்கம் ஆற்றோரக் கொட்டகை ஒன்றில் 24 அடி பாய்மரப் படகு விலைக்கு இருக்கிறது. ஃபைபர் உடம்பு. 1980களில் கட்டினது. அடியில் வார்ப்பிரும்புக் கீல், படகு கவிழாமல் பிடிக்கிற எடை. "எனக்குப் பாய் தெரியும், கயிறு தெரியும். ஃபைபர் உன் வேலை. வந்து தட்டிப் பாரு, சத்தம் சொல்லும்."

தட்டுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் சட்டைப் பையில் ஒரு தடித்த ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருப்பார்கள். ஒன்பது கிராம் இருந்ததே, அந்தக் காலத்து வெள்ளை நாணயம். இப்போது வருகிற மெல்லிசான மஞ்சள் காசு இதற்கு உதவாது. டேங்க் கட்டி முடித்ததும் அதன் விளிம்பால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவோம். கண்ணாடி இழை விரிப்பான மேட்டும், இழைத் துணியான ரோவிங்கும் ரெசின் பசையில் நன்றாக ஊறி ஒன்றாகப் பிடித்திருந்தால் 'டக் டக்' என்று சத்தம் சுத்தமாக வரும். நடுவே காற்று மாட்டியிருந்தால், அல்லது லேயர் விட்டிருந்தால், 'தொப்' என்று அமுங்கும். என் அம்மா ஆற்காடு சந்தையில் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டுவாளே, அதே வித்தைதான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஆற்காட்டில் அரைக் கிலோ மக்கன் பேடா முன்தினமே வாங்கி வைத்திருந்தேன். வெறுங்கையோடு போய் ஒருத்தர் பொருளைக் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வருவது நன்றாக இருக்காது. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேரும்போது எட்டு மணி. படகுக்காரர் வெளியூரில் இருந்தார், போனில்தான் பேசினார். கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெரியவர் இருந்தார். மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். பேடாவை வாங்கிக்கொண்டு, "எந்த ஊருப்பா?" என்றார். "ராணிப்பேட்டை" என்றதும், "அங்க ஏதுப்பா கடலு?" என்று சிரித்தார்.

படகு மரமுட்டுகளின் மேல் நின்றிருந்தது. தண்ணீரிலிருந்து ஏற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது.

முதலில் எதையும் தொடாமல் சுற்றி வந்தேன். காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். உச்சி வெயிலில் எல்லாப் படகும் அழகாகத்தான் தெரியும். ஆசாரி பலகையின் நேர் பார்ப்பது போல, கன்னத்தைப் படகின் பக்கத்தோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தேன். மேல்பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பில் எதிர்க்கரைத் தென்னை ஒன்று தெரிந்தது. நான் நகர நகர அந்தத் தென்னையும் நேராக நகர்ந்தால் உடம்பு சீராக இருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கம் முன்னால் இரண்டடி தூரத்துக்குத் தென்னை நெளிந்தது. உள்ளே ஏறி அதே இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் ரோவிங் துணியின் கட்டம் மட்டும் வேறு நிறமாக, புதிதாக இருந்தது. மோதி உடைந்து ஒட்டுப் போட்ட இடம். ஆனால் போட்டவர் கைதேர்ந்தவர். விளிம்பை வெட்டென்று விடாமல் அகலமாகச் சரித்துத் தேய்த்து, படிப்படியாக லேயர் ஏற்றியிருந்தார். நாணயத்துக்கும் சத்தம் மாறவில்லை. போனில் கேட்டதும், துறைமேடையில் இடித்ததைப் படகுக்காரர் ஒப்புக்கொண்டார். ஒட்டு இருப்பதாலேயே ஒரு படகை ஒதுக்க நான் தயாரில்லை. என் டேங்குகளில் பாதி ஒட்டில்தான் ஓடுகின்றன. ஒட்டு எப்படிப் போட்டது, அதை மறைத்தார்களா, இந்த இரண்டும்தான் கேள்வி.

முட்டு நிற்கிற இடங்களில் உடம்பு உள்வாங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இல்லை.

அடுத்தது அடிவயிறு. தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுக்கப் பாசி பிடிக்காத பெயின்ட், பல வருஷத்துப் பூச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனபோது சுக்கான் பக்கம் அம்மைத் தழும்பு போல முட்டுமுட்டாகப் பட்டது. எண்ணினேன், முப்பதுக்கு மேல். பெரியது ஐம்பது பைசா அளவு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இதே கொப்புளத்தை டேங்க் லைனிங்கில் வருஷாவருஷம் பார்க்கிறேன்.

பாலியஸ்டர் ரெசின் தண்ணீரை முழுசாகத் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். தடுக்காது. ஆவி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவும். உள்ளே சரியாக வேகாத ரெசினின் மிச்சங்கள் இருந்தால் அவை அந்தத் தண்ணீரில் கரையும். கரைந்தது இன்னும் தண்ணீரை இழுக்கும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு ஜாடிக்குள் தண்ணி விடுகிறதே, அந்தக் கணக்குத்தான். இழுத்த தண்ணீருக்கு இடம் வேண்டும், அரை மில்லிமீட்டர் ஜெல்கோட்டைத் தூக்கி மேடாக்கிக்கொள்கிறது. ஐசோ என்கிற ரெசின் வகையில் இது குறைவு, வினைல் எஸ்டர் வகையில் இன்னும் குறைவு. அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலும் சாதா ரெசின்தான்.

படகுக்காரரிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் குத்தினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குத்த வேண்டும், உள்ளே அழுத்தம் இருந்தால் முகத்தில் பீய்ச்சும். ஒரு சொட்டு வந்தது. பிசுபிசுப்பு, வினிகர் வாடை. தோல் ஷெட்டுகளில் அலைகிறவன் பையில் பி.எச். பேப்பர் எப்போதும் இருக்கும். தொட்டு வைத்ததும் ஆரஞ்சுக்குப் போனது, நாலுக்குப் பக்கம், அதாவது அமிலம். மழைத்தண்ணீரோ பெயின்ட் மட்டும் உரிந்த கொப்புளமோ இப்படிக் காட்டாது. ஊரெல்லாம் இந்தக் கொப்புளத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். லேயருக்குள்ளே ஆழமாகப் போகாமல், மேலோடு நிற்கிற முப்பது கொப்புளத்தால் படகு மூழ்காது. தோண்டி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்சி ரெசின் பூச வேண்டும். காசும் பொறுமையும் கேட்கிற வேலை, அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம்: படகு ஏற்றி நாலைந்து மாதம் ஆகியிருந்தால் கொப்புளம் வற்றி அமுங்கிப் போயிருக்கும், கைக்கே தட்டுப்படாது. ஏற்றின தேதியைக் கேட்காமல் அடிவயிறு சுத்தம் என்று சொல்லக் கூடாது.

கீல் மாமாவின் வேலை. ஏறக்குறைய ஒரு டன் வார்ப்பிரும்பு, சில போல்ட்டுகளில் தொங்குகிறது. கீலும் படகும் சேருகிற கோட்டில் முன்முனையில் உதடு பிரிந்த மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. "சிரிக்குது பாரு" என்றார். நான் பதறினேன். அவர் பதறவில்லை. "கீல் கட்டை மேல உக்காந்துனு கீது மாப்ள. உக்காந்தா வாய் மூடிக்கும். கிரேன்ல தொங்கும்போது எவ்ளோ தொறக்குதுன்னு பாக்கணும்." பிறகு பின்பக்கம் வந்து குனிந்தார். மணல்திட்டில் கீல் மோதினால் முன்பக்கம் கீழே இழுபடும், பின்முனை மேலே எழும்பிப் படகின் வயிற்றைக் குத்தும். எல்லாரும் முன்னால் வெடிப்பைத் தேடிவிட்டுப் போய்விடுவார்களாம், உண்மையான காயம் பின்னால் உள்ளே இருக்குமாம். கேபின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தோம். பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், புதுப் பெயின்ட். எனக்குப் புதுப் பெயின்ட் பிடிக்காது. வீட்டுப் புரோக்கர் மழைக்காலத்துக்கு முன்னாடி சுவருக்கு வெள்ளையடிப்பது போல. பின் கீல் போல்ட்டுக்குப் பக்கத்தில் குறுக்குச் சட்டங்கள் உடம்போடு ஒட்டுகிற ஓரத்தை நகத்தால் கீறி, டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தோம். கீற்று இல்லை, ஒட்டு பிரியவும் இல்லை. போல்ட் தலைகளில் மேல்துரு மட்டும். மாமா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இதுவரைக்கும் நான் நன்றாகத்தான் வேலை செய்தேன். தவறு மேலே ஏறினதும் நடந்தது.

மணி பதினொன்று. டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், கால் வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. செருப்போடு ஏறி, அவசர அவசரமாக நாலு இடத்தில் தட்டினேன். சத்தம் அடிவயிற்றைப் போல 'டக்' என்று இல்லை, கொஞ்சம் மந்தமாக இருந்தது. எங்கே தட்டினாலும் அதே மந்தம். டெக் சாண்ட்விச், நடுவே மரம் வைத்துக் கட்டியிருப்பார்கள், அதனால் சத்தமே இப்படித்தான் போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் வாழ்க்கையில் கட்டினது எல்லாம் கெட்டி ஃபைபர். சாண்ட்விச்சில் எனக்கு அனுபவம் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். "டெக் ஓகே மாமா" என்றேன்.

மாமா அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தார். பெரியவர் பேடாவை மென்றுகொண்டே, யாரிடமோ சொல்வது போல, "அவசரம் இல்லேன்னா ஒரு மழை பெஞ்சப்புறம் வந்து பாருங்க" என்றார். அவர் அந்தக் கொட்டகையில் சம்பளம் வாங்குகிறவர். அதற்குமேல் சொல்ல முடியாது. மாமா பையை மூடினார். எனக்குக் கோபம்தான் வந்தது. வந்தவாசி வரைக்கும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தேன். டெக் ஏன் சாண்ட்விச் என்பது அப்போதுதான் உறைத்தது. மேலே எடை ஏறினால் படகு சாயும். எனவே இரண்டு மெல்லிய ஃபைபர் தோல், நடுவே அரை அங்குலம் பால்சா மரக்கட்டை. ஈக்வடாரில் விளைகிற மரம், தக்கை போல எடை. மேல் தோலும் கீழ்த் தோலும் விலகி நிற்பதால் இரும்புச் சட்டம் மாதிரி விறைப்பு கிடைக்கிறது. மரம் காய்ந்து இருக்கிறவரை பிரமாதம். ஆனால் டெக் முழுக்க ஓட்டை போடுகிறார்கள். கைப்பிடிக் கம்பி கட்ட ஓரத்தில் நிற்கும் குட்டித் தூண்கள், கயிறு கட்டுகிற கிளீட், கயிறு இழுக்கிற வின்ச், ஜன்னல், பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பிகள் இறங்குகிற செயின் பிளேட். ஒவ்வொரு ஸ்க்ரூவும் மேல் தோலைத் துளைத்து மரத்துக்குள் இறங்குகிறது. தூணைப் பிடித்து ஆள் ஏறும்போதெல்லாம் அது ஆடுகிறது, சீலன்ட் விடுகிறது, மழைத்தண்ணீர் இறங்குகிறது. மேலும் கீழும் ஃபைபர் என்பதால் இறங்கினது வெளியே வர வழியில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. டேங்கில் குழாய் மாட்டுகிற நாசிலுக்கு ஓட்டை வெட்டினால் வெட்டின விளிம்பில் ரெசின் பூசாமல் அடுத்த வேலைக்கு விடவே மாட்டேன். பையன்களை இதற்காகத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன். விளிம்பு திறந்திருந்தால் ஆசிட் இழைக்குள் புகுந்து நடந்துபோய்விடும். அதே விளிம்பு இருபது முப்பது இடத்தில் என் காலடியில் இருந்தது. நான் நடுவில் நின்று தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சித்திரையில் கோடை மழை பெய்த மறுநாள் திரும்பப் போனோம். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஏழு மணிக்கு ஏறினேன். தட்டுவதற்கு முன்னால் குதிகாலால் நடந்தேன். பாய்மரத்துக்குப் பக்கத்தில் இறுக்கம். வலப்பக்கம் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் காலுக்குக் கீழே டெக் லேசாக அமுங்கி எழும்பியது, சேறு மேல் ஏடு கட்டின மாதிரி. காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'நொறுக்' என்று ஒரு முனகல். தூணின் அடியிலிருந்து ஜெல்கோட்டில் சிலந்திக் கால் போலக் கீற்றுகள் நாலாபக்கமும் ஓடின. போன தடவையும் அவை அங்கேதான் இருந்திருக்கும்.

பிறகு நாணயம். இந்தத் தடவை முதலில் ஸ்க்ரூ எதுவும் இல்லாத, சந்தேகமே இல்லாத ஓர் இடத்தைத் தேடி அங்கே இருபது தடவை தட்டிக் காதுக்குப் பழக்கினேன். நல்ல சாண்ட்விச்சின் சத்தம் எது என்று தெரிந்தபின்தான் கெட்டதைத் தேட முடியும். அங்கிருந்து ஒவ்வொரு ஓட்டையை நோக்கியும் விரல்கடை விரல்கடையாகத் தட்டிக்கொண்டு போனேன். 'டொக், டொக், டொக், தொப்.' மாறுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் டெக் மேல் ஏழு தீவு வரைந்துவிட்டேன். மாமா கீழே கேபினில் படுத்துக்கொண்டு டார்ச்சில் கூரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ரெண்டாவது தூணுக்கு நேரா சொட்டுது மாப்ள! நாலாவதுக்கும் ஈரம் கீது!"

படகுக்காரரிடம் கேட்டு அந்த இரண்டாவது தூணின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. தூணைப் பக்கவாட்டில் ஒருமுறை அழுத்தினேன். ஓட்டையில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு முத்து திரண்டு, வழிந்து, வெள்ளை டெக்கில் ஓடியது. மோந்து பார்த்தேன். தோல் ஷெட்டில் ஆவாரம்பட்டை ஊறின குழியை நாள்பட மூடிவைத்துத் திறந்தால் வருகிற வாடை. ஸ்க்ரூவின் மரைகளில் சிக்கி வந்த மரம், விரலில் தேய்த்ததும் சந்தனம் போல் குழைந்தது.

மாமா யாரிடமோ கேட்டு ஈரமானி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டுகிற நம்பரை நம்பி எழுதிக்கொள்ளாதீர்கள். அடியில் இரும்புத் தகடு இருந்தாலும், மேலே பனி ஈரம் இருந்தாலும், செம்பு கலந்த பெயின்ட் அடித்திருந்தாலும் முள் எகிறும். காய்ந்த இடத்துக்கும் சந்தேக இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது என் ஏழு தீவில் ஐந்து அப்படியே பொருந்தின. ஆனால் சாக்பீஸ் கோட்டைத் தாண்டியும் ஓர் அடிக்கு முள் இறங்கவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. காது சொன்னதையே நம்பினேன். இதன் கதை பின்னால் வருகிறது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயின் பிளேட்டுகள் இறங்குகிற பிளைவுட் தடுப்பில் இடப்பக்கம் கறுப்பு. ஊசியால் குத்தினால் அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கியது. இது விளையாட்டில்லை, பாய்மரமே அதை நம்பித்தான் நிற்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெளியே பளபளத்தாலும் காற்றுப் படாத ஈரத்தில் உள்ளுக்குள் அரிக்கும், அதனால் கழற்றிப் பார்க்காமல் நல்லது என்று சொல்ல முடியாது. சுக்கானின் கீழ் விளிம்பில் பழுப்பாக ஒரு கசிவு, உள்ளே ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. அடியில் தண்ணீர் எடுக்கிற வால்வுகளில் ஒன்றைக் கீறினால் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறம், பித்தளையில் துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டினால்கூட உடையும். பாய்மரத்துக்கு நேர் கீழே கேபின் கதவு இழுபடாமல் திறந்தது. இழுபட்டிருந்தால் டெக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம், நான் அங்கேயே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பேன்.

பேரம் மாமா பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாக்பீஸ் தீவுகளைச் சதுர அடியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பதினாறு சதுர அடி. டெக், சுக்கான், தடுப்பு, வால்வு, கொப்புளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. செல்போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. குறிப்பாக அந்த டிகாக்‌ஷன் சொட்டு. சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. கிரேனில் தூக்கிக் கீல் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தபின்தான் பணம் என்று மாமா பிடிவாதமாக நின்றார். தூக்கினார்கள். நகக்கண் அளவு திறந்தது, உள்ளே ஈரமோ துருச்சாறோ இல்லை. பணம் கொடுத்தார்.

ஆனி மாதம் ராணிப்பேட்டையிலிருந்து என் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் டெக்கைத் திறந்தேன். கிரைண்டரில் மேல் தோலை மட்டும் வெட்டித் தகடு தகடாகத் தூக்கினோம். கோட்டுக்குள் இருந்தது கூழ், அது தெரிந்ததுதான். கோட்டுக்கு வெளியே மரம் பார்க்க முழுசாக இருந்தது, தோலோடு ஒட்டியும் இருந்தது. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறியது. ஈர மரம் தோலை விட்டு விலகாதவரை நாணயத்துக்குச் சத்தம் மாறாது. முள் சொன்னது சரி. பதினாறு சதுர அடி என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தில் முப்பத்தொன்று திறக்க வேண்டி வந்தது. பேரத்தில் சம்பாதித்ததில் பெரும்பகுதி அங்கே போனது. என் கூலியை நான் வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை. பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பவும் ரெண்டு மடங்கு வச்சிக்கணும்பா" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

காயவைக்கவே மூன்று வாரம். பிறகு புதுக் கட்டைகளை எபாக்சியில் ஒட்டி, எடுத்த தோலை மேலே படியவைத்து, வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் அகலமாகச் சரித்து லேயர் போட்டோம். தூண்கள் திரும்ப வருகிற இடத்தில்தான் என் பிடிவாதம். போல்ட்டைவிட இரண்டு மடங்கு பெரிய ஓட்டை போட்டு, உள்ளே மரத்தைச் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் குடைந்து எடுத்து, அந்தக் குழி முழுக்கப் பவுடர் கலந்த எபாக்சியை நிரப்பி, அது கல்லாகும்வரை ஒரு நாள் விட்டு, அதன் நடுவில் போல்ட்டுக்கு ஓட்டை. இனி சீலன்ட் விட்டாலும் தண்ணீர் எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. இருபத்தாறு ஓட்டை. என் பையன்களுக்குக் கை வலித்தது, எனக்கு வாய் வலித்தது.

எல்லாம் முடிந்து பெயின்ட் காய்ந்த சாயங்காலம், மாமா வள்ளிமலையில் வாங்கின குட்டி வெண்கல மணி ஒன்றை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். கேபின் வாசலுக்கு மேலே மாட்ட வேண்டுமாம். கையில் டிரில்லும் இருந்தது. நான் கீழே சுக்கான் பக்கம் இருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டதும் போட்டதைப் போட்டபடி மேலே ஏறினேன்.

"மாமா, நிறுத்துங்க! அங்க உள்ள பால்சா கீது."

"ரெண்டு சின்ன ஸ்க்ரூடா."

"ரெண்டு சின்ன ஓட்டை மாமா."

"முருகன் மணிக்குக் கூடவா எபாக்சி?"

பெரிய ஓட்டையாகப் போட்டு, குடைந்து, ஊற்றினேன். அன்றைக்கு ராத்திரி மணி, காலியான மக்கன் பேடா டப்பாவுக்குள்தான் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, எபாக்சியில் நகத்தை அழுத்திப் பார்த்து, அச்சு விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் டிரில்லை மாமா கையில் கொடுத்தேன்.